பார்க்ல நடக்கிற பொன் ஒதோரிக்கு கைக்குழந்தையோட போலாமா? (நிஷி கசாய், டோக்கியோ)

கேள்வி, ஜூலை 11 காலை

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மார்ச்லதான் நிஷி கசாய் வந்தோம். பில்டிங் கீழ நோட்டீஸ் போர்டுல பக்கத்து பார்க்ல 26, 27 தேதி பொன் ஒதோரின்னு காகித விளக்கு படம் போட்டு ஒட்டியிருக்காங்க. பார்க்கவே ஆசையா இருக்கு. ஆனா இது செத்தவங்க ஆவி வீட்டுக்கு வர்ற நாளுக்காக நடக்கிறதுன்னு ஆபீஸ்ல யாரோ சொல்ல, அதை வீட்டுக்காரர் ஊருக்கு போன்ல சொல்ல, எட்டு மாசக் குழந்தையை அங்கெல்லாம் தூக்கிட்டுப் போகாதேன்னு மாமியார் ஒரே பிடியா நிக்கிறாங்க. வீடியோ பார்த்தா டான்ஸும் தின்பண்டக் கடையும்தான் தெரியுது. இது துக்கமா, திருவிழாவா? நாம போனா அவங்க ஏதாவது நினைப்பாங்களா? போனவங்க சொல்லுங்க.

பதில், ஜூலை 11 ராத்திரி

போங்கம்மா. குழந்தையையும் தூக்கிட்டுப் போங்க, அங்க இருக்கிற பாட்டிங்க கைமாத்தி கைமாத்தி கொஞ்சிட்டுதான் திருப்பிக் குடுப்பாங்க.

துக்கமா திருவிழாவான்னா ரெண்டும்தான். ஒபோன்ங்கிறது வீட்டுல காலமானவங்க வந்து தங்கிட்டுப் போற நாலு நாள், அதையொட்டி ஆடற ஆட்டம்தான் பொன் ஒதோரி. பயமுறுத்துற ஆவி இல்ல, அவங்கவங்க தாத்தா பாட்டி. மாமியார்கிட்ட "இங்கத்து ஆடி அமாவாசை மாதிரி அத்தை"ன்னு சொல்லுங்க, பாதி பயம் போயிடும். நம்ம பக்கம் சில வீட்ல அன்னைக்கு வாசல்ல கோலம்கூட போட மாட்டாங்க, அமைதியா படைச்சு காக்காவுக்கு வச்சிட்டு சாப்பிடுவோம். இங்க வந்தவங்களோட சேர்ந்து ஊரே ஆடுது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ஓரமா நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். ஆடறவங்க வட்டத்துக்குள்ள போங்க. விவரமா நாளைக்கு எழுதறேன்.

ஜூலை 12

மாமியாருக்காக இன்னொரு விஷயம். இதோட வேர்க்கதையே நம்ம பக்கத்துல இருந்து போனதுதான். புத்தரோட சீடர் மொக்கல்லானர், இங்க மோகுரென்னு சொல்வாங்க, இறந்துபோன தன்னோட அம்மா எங்க இருக்காங்கன்னு ஞானத்தால பார்த்தாராம். பசியில தவிக்கிற பேய் உலகத்துல கிடக்காங்க. சோறு அனுப்பினா வாய்க்குப் போறதுக்குள்ள நெருப்பா மாறிடுது. புத்தர்கிட்ட போய் அழ, ஏழாம் மாசம் பதினஞ்சாம் நாள் துறவிகளுக்கு அன்னதானம் பண்ணுன்னு சொல்றார். பண்றார், அம்மாவுக்கு விடுதலை கிடைக்குது, அந்த சந்தோஷத்துல மகன் ஆடினாராம், அந்த ஆட்டம்தான் பொன் ஒதோரின்னு இங்க சொல்வாங்க. கதை சீனா வழியா வந்தது. ஆட்டத்துக்கு வரலாற்றுப்படி வேற மூலமும் சொல்றாங்க, பத்தாம் நூற்றாண்டுல கூயான்னு ஒரு துறவி, பதிமூணாம் நூற்றாண்டுல இப்பென்னு ஒருத்தர், புத்தர் பேரை சொல்லிக்கிட்டே தெருவுல ஆடினவங்க, அது கிராமத்து ஆட்டங்களோட கலந்துடுச்சு.

எனக்கு எது மூலம்ங்கிறது முக்கியமில்ல. அம்மா பசி தீர்ந்ததுக்கு ஒரு பிள்ளை ஆடினான்ங்கிறதுல பயப்பட என்ன இருக்கு?

ஜூலை 13

இன்னைக்கு சாயங்காலம் ஸ்டேஷன்ல இருந்து நடந்து வர்றப்போ ஒரு தனி வீட்டு வாசல்ல ஒரு பாட்டி மண் தட்டுல சணல் குச்சி வச்சு கொளுத்திட்டு இருந்தாங்க. வர்றவங்களுக்கு வழி தெரியறதுக்கு வைக்கிற வரவேற்பு நெருப்பு. பக்கத்துல ஒரு வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சி கால், ஒரு கத்திரிக்காய்க்கு நாலு குச்சி கால். வெள்ளரிக்காய் குதிரை, அதுல ஏறி வேகமா வீட்டுக்கு வரணும். கத்திரிக்காய் மாடு, திரும்பிப் போறப்போ மெதுவா, மனசில்லாம போகணும். இதை யோசிச்ச ஆள் யாரோ, அவங்களுக்கு பிரிவுன்னா என்னன்னு நல்லா தெரிஞ்சிருக்கு.

ஜூலை 15

மேல ஒரு தம்பி கேட்டது: ஒபோன் ஆகஸ்ட்ல தானே, ஆபீஸ்ல ஆகஸ்ட்லதானே லீவு விடறாங்க, பார்க்ல ஏன் ஜூலை கடைசி?

ரெண்டு தேதி இருக்கு தம்பி. ஜப்பான் 1873ல பழைய சந்திர காலண்டரை விட்டுட்டு இப்போதைய காலண்டருக்கு மாறினாங்க. டோக்கியோவுல ஏழாம் மாசம்ங்கிறதை அப்படியே ஜூலைக்கு எடுத்துக்கிட்டாங்க, 13ல இருந்து 16. நாட்டுல பெரும்பாலான இடத்துல பருவம் மாறக்கூடாதுன்னு ஒரு மாசம் தள்ளி ஆகஸ்ட் 13ல இருந்து 16. அதனாலதான் ஆகஸ்ட் நடுவுல புல்லட் ரயில்ல டிக்கெட் கிடைக்காது. பார்க்ல நடக்கிறது ரெண்டுக்கும் கட்டுப்பட்டதில்ல. ஸ்கூல் லீவு விட்டதும் ஜூலை மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஏதோ ஒரு சனி ஞாயிறு, அந்தந்த சோனைகாய் எது வசதியோ அது. சைக்கிள் எடுத்துக்கிட்டு சுத்தினா ஒரே ராத்திரியில ரெண்டு மூணு பார்க்ல டைகோ முரசு சத்தம் கேக்கும்.

சோனைகாய் தெரியாதவங்களுக்கு: நம்ம குடியிருப்போர் நலச்சங்கம்தான். இந்த விழாவை நடத்துறது அவங்கதான், கோயிலும் இல்ல, பெரிய கம்பெனியும் இல்ல. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, கீழ சின்ன எழுத்துல அந்தப் பேர் இருக்கும்.

ஜூலை 18

விளக்கைப் பத்தி யாரும் கேக்கல, ஆனா எனக்கு இதுலதான் உசுரு. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பார்க் நடுவுல யகுரான்னு ஒரு மேடை கட்டுவாங்க, சதுரமா, ரெண்டு அடுக்கு, சுத்தி சிவப்பு வெள்ளை பட்டை போட்ட துணி. மேல டைகோ. அந்த மேடை உச்சியில இருந்து பார்க்கோட நாலு மூலைக்கும் கயிறு இழுத்து அதுல வரிசையா சோச்சின், அதாவது அந்த உருண்டை காகித விளக்கு, தொங்கும். காகிதம்னு சொல்றோமே ஒழிய இப்ப பார்க்ல தொங்குறது பெரும்பாலும் வினைல், உள்ள பல்ப். மழை பெஞ்சா தாங்கணும்ல. உண்மையான சோச்சின் மூங்கிலை மெல்லிசா சீவி சுருளா சுத்தி அதுமேல வாஷிங்கிற ஜப்பானியக் காகிதம் ஒட்டறது, அமுக்கினா மடிஞ்சு தட்டையாயிடும். கிஃபுவுலயும் ஃபுக்குவோக்கா பக்கம் யாமேவுலயும் இன்னும் கையில பண்றாங்க. ஒபோனுக்கு வீட்டுக்குள்ள வைக்கிற கிஃபு விளக்குல மெல்லிசா பூ, புல்லெல்லாம் வரைஞ்சிருக்கும், பார்த்துட்டே இருக்கலாம்.

ஆனா பார்க் விளக்குல நீங்க பார்க்க வேண்டியது எழுத்தை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர் இருக்கும். டோஃபு கடை, சலூன், பல் டாக்டர், பாத்திரக்கடை, தனி ஆளுங்க குடும்பப் பேர். விழாவுக்குப் பணம் குடுத்தவங்க. வானத்துல வெளிச்சமா தொங்குறது மொத்தமும் அந்த நாலு தெருவோட அட்டெண்டன்ஸ். கடையை மூடிட்டுப் போனவங்க பேர் அடுத்த வருஷம் இருக்காது. எங்க பார்க்ல ஒரு அரிசிக் கடைக்காரர் பேர் எப்பவும் வாசல் பக்கத்துல தொங்கும், அவர் கடையை நிறுத்தின அப்புறமும் அந்த விளக்கை எடுக்கல, பழசையே மாட்டறாங்க, ஏன்னு கேட்டேன், அந்த இடம் காலியா இருந்தா நல்லா இல்லைன்னாங்க.

கீழ வேலி ஓரமா குழந்தைங்க வரைஞ்ச படத்தை ஒட்டின சின்ன விளக்குங்க இருக்கும். தர்பூசணி, வண்டு, பட்டாசு, ஒரு பையன் வெறும் ரயில் மட்டும் வரைஞ்சிருப்பான். அதையும் நின்னு பாருங்க, வரைஞ்ச குழந்தை பக்கத்துலயே நிக்கும்.

ஜூலை 20

நேத்து பக்கத்து ஹால்ல ஆட்டப் பயிற்சி. யார் வேணா போலாம், காசு கிடையாது. மகளிர் பிரிவு அம்மாக்கள் சொல்லித் தருவாங்க, எல்லாரும் எழுபதைத் தாண்டினவங்க, ஒருத்தர்கூட உட்கார மாட்டாங்க.

ஆட வராதுன்னு சொல்ற ஆளுங்களுக்காக: தான்கோ புஷின்னு ஒரு பாட்டு எல்லா பார்க்லயும் போடுவாங்க. ஃபுக்குவோக்கா பக்கம் நிலக்கரி சுரங்கத்துப் பாட்டு. அசைவு மொத்தமும் சுரங்க வேலைதான். தோண்டு, தோண்டு, கூடையைத் தோள் மேல தூக்கு, நெத்தியில கை வச்சு நிலாவைப் பாரு, வண்டியைத் தள்ளு, கை தட்டு. அவ்வளவுதான். மறுபடியும் முதல்ல இருந்து. ரெண்டு சுத்து சுத்தினா நம்ம கும்மி மாதிரி கை தானா போகும். பாட்டுல வர்ற மீகே சுரங்கத்தை 1997ல மூடிட்டாங்க. இன்னைக்கு டோக்கியோவுல ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற பசங்க அந்தக் கரியைத் தோண்டித் தோண்டி தோள்ல போடறாங்க.

இன்னொண்ணு டோக்கியோ ஒந்தோ. 1932ல ஹிபியா பார்க்ல மருனோஉச்சி ஒந்தோன்னு ஆடினாங்க, அதையே மாத்தி 1933ல டோக்கியோ ஒந்தோவா விட்டதும் ஊரே பைத்தியமா ஆடுச்சு. ஆக ஆயிரம் வருஷப் பாரம்பரியத்துக்குப் பக்கத்துலயே தொண்ணூறு வருஷப் பாட்டும் நிக்குது. பேஸ்பால் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பாட்டு தெரிஞ்சிருக்கும், ஸ்வாலோஸ் டீம் ரன் எடுத்தா ரசிகருங்க சின்னக் குடையை விரிச்சு ஆடறது இதுக்குத்தான்.

உள் வட்டத்துல ஒரே மாதிரி யுகாதா, அதாவது வெயில் காலத்து காட்டன் கிமோனோ, போட்டவங்க இருப்பாங்க, அவங்கதான் சொல்லிக்குடுக்கிறவங்க. அவங்க கையைப் பார்த்துக்கிட்டே வெளி வட்டத்துல நுழைஞ்சுடுங்க. எந்தப் பக்கமா சுத்துறாங்கன்னு முதல்ல பாருங்க. எங்க பார்க்ல நம்ம கோயில் பிரகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம், கால் கொஞ்சம் தடுமாறும்.

ஜூலை 22

சைவம் சாப்பிடறவங்க நாலு பேர் கேட்டிருக்காங்க. யாகிசோபாங்கிற வதக்கின நூடுல்ஸ்ல பன்றி இறைச்சி இருக்கும், எடுத்துட்டுக் குடுங்கன்னாலும் ஒரே தகட்டுல வதக்கினது. நம்பி சாப்பிடக்கூடியது: சுட்ட சோளம், எதமாமேங்கிற வேக வச்ச பச்சை சோயா, சாக்லேட் தடவின வாழைப்பழம், பஞ்சு மிட்டாய், காகிகோரி. காகிகோரின்னா துருவின ஐஸ் மேல கலர் சிரப், குழந்தைங்க நாக்கு நீலமாயிடும். சங்கம் போடற கடைங்கிறதால விலை ரொம்ப கம்மி, சில இடத்துல முன்னாடியே கூப்பன் வாங்கணும், சில்லறை வச்சுக்கோங்க.

ராமுனே வாங்கிப் பாருங்க. நம்ம கோலி சோடாவேதான், கழுத்துல கோலி அடைச்ச பாட்டில். ஹிராம் காட்ங்கிற இங்கிலீஷ்காரர் 1872ல காப்புரிமை வாங்கின பாட்டில், அங்கேருந்து நம்ம ஊருக்கும் போச்சு, இங்கயும் வந்தது. என் பொண்ணுக்கு கோலியை உள்ள தள்ளக் கத்துக்குடுத்தது எங்கப்பாதான், லீவுக்கு வந்திருந்தப்போ, இதே பார்க்ல.

குப்பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், இல்ல அவங்க வச்சிருக்கிற இடத்துல பிரிச்சுப் போடணும். தயவு செஞ்சு இதுல கவனமா இருங்க.

ஜூலை 24

ஏழு மணிக்கு மேல போங்கன்னு மேல ஒரு அண்ணன் எழுதியிருக்கார். விளக்கு அழகா தெரியணும்னா சரிதான், இங்க இந்த சமயம் ஏழுக்கு முன்னாடியே சூரியன் விழுந்துடும். ஆனா கைக்குழந்தைன்னு யோசிச்சா அஞ்சரைக்கே போயிடறது நல்லது. முதல் சுத்து குழந்தைங்களுக்குன்னு விடுவாங்க, கூட்டம் கம்மி, நிழல் விழுந்திருக்கும். விளக்கு போடற நேரம் வரைக்கும் இருந்துட்டு ஏழரைக்குக் கிளம்பிடுங்க. டைகோ பக்கத்துல மட்டும் நிக்காதீங்க, எட்டு மாசக் காதுக்கு அது ரொம்ப அதிகம், மேடையில இருந்து தள்ளி வேலி ஓரம் பாய் விரிச்சுக்கோங்க. கொசு மருந்து, தண்ணி, ஈரத் துண்டு. வெயில் இறங்கினாலும் புழுக்கம் இறங்காது. எட்டரை, ஒம்போதுக்கு டக்குன்னு முடிச்சுடுவாங்க, நம்ம ஊர் திருவிழா மாதிரி விடிய விடிய கிடையாது. விடிய விடிய ஆடணும்னா கிஃபுவுல குஜோ போகணும், ஆகஸ்ட் 13ல இருந்து 16 வரைக்கும் நாலு ராத்திரி. யுனெஸ்கோ 2022ல பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த ஃபுர்யு ஒதோரிங்கிற ஆட்டங்கள்ல அதுவும் ஒண்ணு.

ஜூலை 25

யுகாதாதான் கட்டணுமான்னா, கட்டாயமே இல்லம்மா. கட்டினா ஒரே விதி, இடது பக்கம் மேல வரணும். வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்தற முறை, பார்த்தவுடனே ஒரு பாட்டி ஓடி வந்து மாத்திக் கட்டி விடுவாங்க. நான் எப்பவும் காட்டன் புடவைதான், சுங்குடி. வேர்வைக்கும் நல்லது, காலுக்கும் இடைஞ்சல் இல்ல. புடவையைப் பார்த்துட்டு பேச வர்றவங்க நிறைய, ஆட்டத்துக்கு நடுவுல இந்த மடிப்பு எப்படி நிக்குதுன்னு கேப்பாங்க.

வெளிநாட்டுக்காரங்க போனா என்ன நினைப்பாங்கன்னு கேட்டதுக்கு பதில் இதுதான். வாடகை குடுத்து அங்க குடியிருக்கீங்க, அந்தத் தெருக்காரங்க நீங்க. விழா தெருக்காரங்களுக்கு.

ஜூலை 26, மதியம்

மேகமா இருக்கு. தூறலுக்கு நிறுத்த மாட்டாங்க. பெரிய மழைன்னா போர்டுலயே போட்டிருக்கும், அடுத்த நாளுக்குத் தள்ளியா, ரத்தான்னு. நான் நாலு மணிக்கு காகிகோரி கடைக்குக் கை குடுக்கப் போறேன், பச்சை சுங்குடி, வந்தா கூப்பிடுங்க.

ஜூலை 27, ராத்திரி

கேள்வி கேட்ட பொண்ணு வந்துடுச்சு! வீட்டுக்காரர், குழந்தை எல்லாரும். நான் ஐஸ் துருவிட்டு இருந்தேன், கை விறைச்சுப் போச்சு, இருந்தாலும் விட்டுட்டு ஓடிப் போய் பார்த்தேன். குழந்தை டைகோவுக்கெல்லாம் அசரல, தலைக்கு மேல வரிசையா எரியறதை வாயைப் பொளந்து பார்த்துட்டே இருந்துச்சு. மாமியாருக்கு வீடியோ கால் போட்டாங்க. அந்தம்மா முதல்ல பேசவே இல்ல. அப்புறம் வட்டத்துல ஒரு வயசானவர் சட்டைப் பையில ஒரு அம்மாவோட போட்டோவை வச்சுக்கிட்டு ஆடறதைக் கேமராவுல பார்த்துட்டு யாருடி அதுன்னு கேட்டாங்க. சம்சாரம், போன வருஷம் தவறிட்டாங்க. கணவன் மனைவி ரெண்டு பேரும் எப்பவும் பக்கத்துல பக்கத்துல ஆடுவாங்க, எனக்கு நல்லா தெரியும். தவறினதுக்கு அப்புறம் வர்ற முதல் ஒபோன்னா அந்த வீட்டுக்கு அது தனி முக்கியம். அதைச் சொன்னேன். "நீயும் போய் ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா"ன்னு மருமககிட்ட அந்தம்மாவே சொன்னாங்க.

இதுக்கு மேல இன்னைக்கு எழுத முடியல.

ஜூலை 28

காலையில ஆறு மணிக்கு யகுராவைப் பிரிச்சாங்க. வந்தவங்க பெரும்பாலும் எழுபது வயசுக்காரங்க, நாலஞ்சு பேர்தான் இளவட்டம். நேத்து ராத்திரி அந்த பார்க்ல நம்ம ஊர்க்காரங்க எத்தனை குடும்பம் நின்னு ரீல்ஸ் எடுத்தாங்க! இரும்புக் குழாய் தூக்க ஒரு ஆள் இல்ல. கோபமா சொல்லல, ஆதங்கமா சொல்றேன். கொரோனாவால 2020, 2021ல நின்னுபோன பல இடத்துல திரும்ப ஆரம்பிக்கவே இல்ல, காரணம் காசு இல்ல, தூக்கறதுக்கு கை இல்ல. நிஷி கசாய் இருக்கிற இந்த எடோகாவா வார்டுல இந்தியர் இவ்வளவு பேர் இருக்கோம், தோசை கடையில இருந்து ஸ்கூல் வரைக்கும் நமக்கு வேணும்கிறது எல்லாம் இங்க வந்தாச்சு. ஒரு காலையில ரெண்டு மணி நேரம் குடுக்கலாம்.

ஆகஸ்ட் 2

சத்தம் தொல்லைன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், நைட் ஷிப்ட் போறவராம். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, எங்க பார்க்லயும் ஒரு வீட்ல இருந்து வருஷா வருஷம் புகார் வரும், அதனால ஸ்பீக்கரைத் திருப்பி வச்சு, நேரத்தையும் குறைச்சாங்க. அய்ச்சி மாவட்டத்துல டோகாய் நகரத்துல இதே பிரச்சனைக்கு, ஆடறவங்க எல்லாரும் காதுல ரேடியோ மாட்டிக்கிட்டு சத்தமே இல்லாம ஆடினாங்க. வீடியோ இருக்கு, பாருங்க, வெறும் கை தட்டற சத்தமும் செருப்பு உரசற சத்தமும் மட்டும். முதல்ல பார்த்தப்போ இப்படி ஆடறதுக்கு ஆடாமலே இருக்கலாம்னு தோணுச்சு. இப்ப அப்படித் தோணல. நிறுத்திட்டுப் போகாம ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்களே.

ஆகஸ்ட் 7

நேத்து டிவியில ஹிரோஷிமா பார்த்துட்டு, இதுவும் அதே விளக்கு விழாவான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். அது தோரோ நகாஷி தம்பி, தண்ணியில விளக்கு விடறது. ஆகஸ்ட் 6 சாயங்காலம் அணுகுண்டு டோம் பக்கத்துல மோதோயாசு ஆத்துல, குண்டுக்கு செத்தவங்களுக்காக. மத்த ஊர்லயும் ஒபோன் முடியறப்போ வந்தவங்களை வழியனுப்ப ஆத்துல கடல்ல விடுவாங்க. பார்க் விளக்கு கூப்பிடறதுக்கும் கூடறதுக்கும், தண்ணி விளக்கு அனுப்பறதுக்கு. கியோத்தோவுல ஆகஸ்ட் 16 ராத்திரி அஞ்சு மலையில நெருப்பு மூட்டி அனுப்புவாங்க. ஹிரோஷிமாவுக்குப் போனா அங்க செல்ஃபி வேண்டாம்.

ஆகஸ்ட் 17

கேள்வி கேட்ட பொண்ணு தனியா மெசேஜ் பண்ணி சோனைகாய்ல எப்படி சேர்றதுன்னு கேட்டுச்சு. எல்லாருக்கும் பயன்படட்டும்னு இங்கயே எழுதறேன். கைரான்பான்னு ஒரு அட்டை வீடு வீடா சுத்தும், அதுல சங்கத் தலைவர் வீட்டு விலாசமோ போன் நம்பரோ இருக்கும். அட்டை வராத பில்டிங்னா கீழ நோட்டீஸ் போர்டுல பாருங்க, இல்ல வார்டு ஆபீஸ்ல உங்க விலாசத்தைச் சொன்னா எந்த சங்கம்னு சொல்லுவாங்க. சந்தா ரொம்ப கம்மி. ஜப்பானிய மொழி சரியா வராதுன்னு தயங்காதீங்க, இரும்புக் குழாய் தூக்க பாஷை வேண்டாம்.

சோச்சின்ல பேர் போடணும்னா ஜூன்லயே பணம் குடுத்துடணும், எழுத்துக்காரர்கிட்ட அப்பதான் குடுப்பாங்க. வெளிநாட்டுப் பேருக்கு வைக்கிற கத்தகானா எழுத்துலதான் எழுதுவாங்கன்னு இல்ல, நாம தமிழ்ல எழுதிக் குடுத்தா அப்படியே பார்த்து வரையறேன்னு எங்க சங்கத்துல சொல்லியிருக்காங்க. பெருசா, கோடு கோடா, தெளிவா எழுதிக் குடுங்க, ழகரத்தோட சுழி அவருக்குப் புரியணும்.